வண்ணமீன் தொட்டியில் நோய்: மருந்துக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

வானூர், திண்டிவனம் வட்டாரங்களில் நெல், மணிலா, கரும்பு, சவுக்கு சாகுபடியுடன் கறவை மாடும் கோழியும் உபதொழிலாக இருந்து வருகின்றன. கிணற்று வசதியும் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று சென்ட் இடமும் உள்ள சிறு விவசாயிகளுக்கு வண்ணமீன் வளர்ப்பும் ஏற்ற உபதொழிலே. சென்னைக்கு அருகே கொளத்தூரில் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி இதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. வானூர் பகுதிக்குப் புதுச்சேரி சந்தை கூப்பிடு தூரத்தில் இருப்பது கூடுதல் வசதி.

ஆனால் இத்தொழிலில் கையைக் கடிப்பது நோய்தான். மூன்று மாதம் தீனி போட்டு வளர்த்த மோலிக் குஞ்சுகள், விற்பனைக்குத் தயாராகும் சமயத்தில் இரண்டே இரவில் செத்து மிதந்தால் போட்ட முதல் போய்விடும். மாட்டுக்கு நோய் கண்டால் தீனி எடுக்காது, அசை போடாது, பார்த்தவுடன் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் மீனின் நோய் முற்றிய பிறகே கண்ணில் படும். அப்போது கடைக்கு ஓடிக் கிடைத்த மருந்தையெல்லாம் வாங்கித் தொட்டியில் கொட்டுவது வழக்கமாக இருக்கிறது. இதனால் பெரும்பாலும் பயன் இல்லை. தொட்டி மீனுக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரில் தொடங்குகிறது. ஆகவே வைத்தியமும் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

மீன் தின்னும் இடமும் கழிக்கும் இடமும் ஒன்றே. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் நச்சை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும் சாணமும் அழுகும்போது இது மேலும் பெருகும். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். உடம்பின் மேலுள்ள வழவழப்பான கோழை கெடும். இந்தக் கோழைதான் மீனுக்குக் கவசம். அது போனபின் எங்கும் இருக்கக்கூடிய பூசணமும் பாக்டீரியாவும் எளிதில் உள்ளே புகுந்துவிடும்.

நல்ல வேளையாக, இந்த நச்சை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களும் தொட்டியிலேயே வளருகின்றன. தொட்டிச் சுவரிலும் மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா, அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. மற்றொரு வகை அதை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகிறது. வயலில் இட்ட யூரியா மண்ணில் மாறும் முறையும் கடைசிக் கட்டத்தில் இதுவேதான். புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை நிரம்ப விடுவதால்தான் புதுத் தொட்டியில் சாவு அதிகமாகிறது. முதலில் பத்திருபது மீன்களை விட்டு, படிப்படியாக எண்ணிக்கையைக் கூட்டுவதே முறை.

தண்ணீரில் காரத்தன்மை ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். பி.எச். அளவு 7இல் இருந்து 8 ஆனால் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் தொட்டியில் வெயில் ஏறிய பிற்பகலில் பி.எச். உயரும். காலையில் நன்றாக இருந்த மீன் மாலையில் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டியும் கிணற்று நீரும்

புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. சிமெண்டின் காரம் நீரில் இறங்கி மீனைக் கொன்றுவிடும். தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்து வடித்துவிட வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்ய வேண்டும். இடையில் ஒரு முறை வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டுக் கழுவுவதும் உண்டு. கடைசியில் பி.எச். தாளைக் கொண்டு சோதித்து 7க்கும் 8க்கும் இடையில் இருந்தால் மீன் விடலாம். தொட்டியின் அடி ஒரு பக்கமாகச் சரிந்து, தாழ்ந்த மூலையில் வடிகுழாய் இருந்தால் துப்புரவு வேலை பாதியாகக் குறையும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு. அதை நேரே மீன் மேல் விடாமல், வேறு தொட்டியில் உயரத்திலிருந்து விழும்படி இறைத்து ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். பஞ்சாயத்துக் குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அதையும் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்திருப்பது அவசியம். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற கடலோரப் பகுதிகளில் தண்ணீர் உவராக இருந்தால் அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோலி மீன் உவர்ப்பைத் தாங்கும். எல்லா மீன்களும் தாங்கா.

வாரம் ஒரு துப்புரவு

தொட்டியை அடியோடு காலிசெய்து தேய்த்துக் கழுவுவதே சுத்தம் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. அப்படிச் செய்தால் அழுக்கோடு நல்ல பாக்டீரியாவும் போய்விடும். மீனுக்கும் திடீர் மாற்றத்தால் அதிர்ச்சி ஏற்படும். சரியான முறை வருமாறு:

வாரம் ஒரு முறை தொட்டி நீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்ற வேண்டும். மேல்நீரை மொண்டு ஊற்றுவதில் பயன் இல்லை. கழிவு தங்குவது அடியில். ரப்பர் குழாய் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியின் அடியிலும் மறு முனையைத் தாழ்வான இடத்திலும் வைத்து விரலை எடுத்தால் அடிநீர் கழிவோடு இறங்கும். குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது.

புதிதாக விடும் நீர் தொட்டி நீரைப்போலவே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த குழாயிலிருந்து வரும் சூட்டு நீரையும், மார்கழியில் குளிர்ந்த நீரையும் நேரே விடக்கூடாது.

வடிகட்டும் பஞ்சைக் குழாய் நீரில் அலசக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரையே ஒரு வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்து எடுத்தால் போதும். சோப்பு கொஞ்சமும் படக்கூடாது. தண்ணீர் மாற்றும் நாளில் பஞ்சைத் தொடாமல், அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பது நலம்.

அழுக்கைத் தின்னும் என்று கூறிச் சிலர் டேங்க் கிளீனர் எனப்படும் சக்கர் மீனை வாங்கி விடுகின்றனர். அது பாசியைச் சுரண்டித் தின்பது உண்மையே. ஆனால் தின்றதைக் கழிக்கவும் செய்கிறது. ஓரடிக்கு மேல் வளரும் அந்த மீன், துப்புரவைவிடக் கழிவையே அதிகம் சேர்க்கும்.

தீனியில் கட்டுப்பாடு

ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி இட வேண்டும். காலை, மாலை என இரு வேளை போதும். மணிலாப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து இடுவோர், பிண்ணாக்கில் பூசணம் உள்ளதா என்று பார்த்து இட வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மல்லாட்டைப் பிண்ணாக்கில் பிடிக்கும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கி மீனின் கல்லீரலைக் கெடுக்கும். மாட்டுக்கு ஆகாத பிண்ணாக்கு மீனுக்கும் ஆகாது. உயிர்த்தீனியாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது. ஓடும் நீரில் ஒரு நாள் முழுவதும் கழுவிய பிறகே கொடுக்க வேண்டும்.

மீன் சோர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது

துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குதல், தீனிக்கு வராமை, சுவரில் உடம்பை உரசுதல், மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுவிடுதல் ஆகியவை முதல் அறிகுறிகள். எந்த நேரத்தில் மூச்சு வாங்குகிறது என்று கவனிப்பது முக்கியம். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து, வெயில் ஏறியதும் தெளிந்தால் அது பிராணவாயுக் குறைவு. இரவில் பாசியும் பிராணவாயுவைச் செலவழிப்பதால் விடியலுக்கு முன்தான் அது மிகக் குறைவாக இருக்கும். நாள் முழுவதும் மேலேயே இருந்தால் அம்மோனியாவோ செவுள் நோயோ காரணமாகலாம்.

எதுவாயினும் முதல் நாள் வேலை ஒன்றே. தீனியை நிறுத்த வேண்டும். பெரிய மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் சாகாது. செத்த மீனை உடனே எடுத்துப் புதைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அடிநீரை மாற்ற வேண்டும். காற்றுக் குழாயை முழு அளவில் விட வேண்டும். மின்சாரம் இல்லாதபோது தொட்டி நீரையே குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம். மறுநாள் மீன் தெளிந்தால் மருந்தே தேவையில்லை. தெளியாவிட்டால் நோய்கண்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் தொடங்கலாம்.

உப்பே முதல் மருந்து

மரக்காணம் உப்பளத்தில் விளையும் சாதாரணக் கல் உப்பு மீனுக்கு நல்ல மருந்து. செவுளின் வேலையை எளிதாக்கும். கோழையை ஊறச் செய்யும். நைட்ரைட் நச்சு இரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். பல ஒட்டுண்ணிகளைக் கொல்லும். ஆனால் அளவு தெரிந்து இட வேண்டும்.

முதலில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் உள்ளது என்று கணக்கிட வேண்டும். நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகிய மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்த தொகையை 28ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி நீர் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 1,800 லிட்டர் இருக்கும்.

சோர்வு தீர லிட்டருக்கு 1 கிராம், அதாவது மேற்படி தொட்டிக்கு 1 கிலோ 800 கிராம் போதும். ஒட்டுண்ணி, பூசண நோய்களுக்கு லிட்டருக்கு 3 கிராம், அதாவது 5 கிலோ 400 கிராம் தேவை. உப்பைத் தனியே கரைத்து, வடிகட்டி, மூன்று பங்காக்கி ஒரு நாளில் மூன்று வேளையாகக் கலக்க வேண்டும். உப்பு ஆவியாகிப் போகாது. எனவே கால் பங்கு தண்ணீர் மாற்றினால் கால் பங்கு உப்பு மட்டுமே திரும்பச் சேர்க்க வேண்டும். இதை மறந்து ஒவ்வொரு முறையும் முழு அளவு இட்டால் மீன் தாங்காது.

மோலி, கப்பி, தங்கமீன் ஆகியவை இந்த அளவைத் தாங்கும். டெட்ரா வகைகளும் செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் தாங்குவது குறைவு. நீர்ச்செடிகளும் வாடிவிடும். இவை உள்ள தொட்டியில் உப்பிடாமல், நோய்கண்ட மீனை மட்டும் தனியே எடுத்து வைத்தியம் செய்ய வேண்டும்.

வெள்ளைப்புள்ளி நோய்

ஐப்பசி முதல் தை வரை குளிர்ந்த நாட்களில் அதிகம் காண்பது இது. உடம்பிலும் துடுப்பிலும் ரவையைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் சுவரில் உரசும். இது ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. தோலுக்கு அடியில் வளர்ந்த ஒட்டுண்ணி உதிர்ந்து அடியில் படிந்து, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். பிரிந்த குஞ்சுகள் நீந்திச் சென்று வேறு மீனைத் தேடும். இரண்டு மூன்று நாளில் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும்.

மருந்து பலிப்பது நீந்தும் பருவத்தில் மட்டுமே. தோலுக்குள் இருக்கும்போதும் அடியில் கூடு கட்டியிருக்கும்போதும் எந்த மருந்தும் எட்டாது. ஒரு நாள் மருந்திட்டு, புள்ளி உதிர்ந்ததும் நிறுத்தினால் ஒரே வாரத்தில் பல மடங்காகத் திரும்பி வருவது இதனால்தான். லிட்டருக்கு 3 கிராம் உப்பை 10 முதல் 14 நாள் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிநீரைக் குழாயால் இறக்கினால் கூடுகளும் வெளியேறும். கண்ணாடித் தொட்டியில் ஹீட்டர் இருந்தால் வெப்பத்தை மெதுவாக 30 டிகிரிக்கு உயர்த்துவதும் நோயை அடக்கும். ஒரு மீனில் கண்டாலும் தொட்டி முழுவதற்கும் வைத்தியம் வேண்டும்.

துடுப்பு அழுகல், பஞ்சு நோய்

துடுப்பு ஓரம் வெளுத்துக் கிழிந்து கரைவது பாக்டீரியாவால். புண்ணின் மேல் பஞ்சு ஒட்டியது போல் வளர்வது பூசணத்தால். இரண்டும் நெருக்கடியாலும் கெட்ட நீராலும் முரட்டுத்தனமாக வலை போடுவதாலும் வருவன. நீரை மாற்றி, உப்பிட்டால் தொடக்க நிலையில் குணமாகும்.

முற்றியிருந்தால் தனித் தொட்டியில் மெதிலீன் நீலம் இடலாம். 1 கிராம் தூளை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 100 லிட்டருக்கு 20 மில்லி கலக்க வேண்டும். இம்மருந்து நல்ல பாக்டீரியாவையும் பாதிப்பதால் வளர்ப்புத் தொட்டியில் இடக்கூடாது.

செதில்கள் சிலிர்த்து வயிறு ஊதினால் அது நீர்க்கோவை. பெரும்பாலும் பிழைக்காது. அத்தகைய மீனைத் தாமதமின்றிப் பிரித்துவிடுவதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு.

பேனும் நங்கூரப் புழுவும்

தங்கமீன், கோய் கெண்டை ஆகியவற்றில் இவை அதிகம். மீன் பேன் தட்டையாக, பொட்டுப்போல் ஒட்டி நகரும். நங்கூரப் புழு நூல்போல் தொங்கும். தலை சதைக்குள் பதிந்திருக்கும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, சாமணத்தால் வேரோடு மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். பேனின் முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டியிருப்பதால் ஒரு முறை எடுத்ததோடு தீராது. வாரம் ஒரு முறை சோதிப்பது அவசியம். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, காலித் தொட்டியை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டால் முட்டை மடியும். செலவில்லாத இந்த முறைக்குக் கோடைக்காலம் ஏற்றது.

செய்யக்கூடாதவை

வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைப் பேனுக்காகத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீனுக்கு அது கொடிய நஞ்சு. தெளிப்பான் கழுவிய வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்துவதும் ஆபத்தே.

மனிதருக்குரிய டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது ஒட்டுண்ணியையும் பூசணத்தையும் ஒன்றும் செய்யாது. நல்ல பாக்டீரியாவைக் கொன்று அம்மோனியாவைப் பெருக்கும். மிச்சமாகும் கிருமிகள் மருந்துக்கு மசியாதவையாக மாறும்.

மாலகைட் பச்சை உண்ணும் மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்ட மருந்து. கெண்டை வளர்க்கும் குட்டை உள்ளவர்கள் அதைப் பக்கத்தில்கூட வைத்திருக்க வேண்டாம். பர்மாங்கனேட்டையும் ஃபார்மலினையும் ஒன்றாகக் கலக்கவோ ஒரே இடத்தில் வைக்கவோ கூடாது.

கையில் காயம் இருந்தால் நோய்த் தொட்டியில் கையை விடக் கூடாது. மீனுக்கு வரும் ஒருவகைக் காசநோய்க் கிருமி காயத்தின் வழியே மனிதர் தோலில் ஆறாத புண் உண்டாக்கும்.

புது மீன் வந்தால்

நோய் பெரும்பாலும் புது மீனோடும் இரவல் வலையோடும் வருகிறது. வாங்கிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். பையை 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தொட்டிக்கு ஒரு வலை வைத்துக்கொள்வதும், நாள்தோறும் அதை வெயிலில் உலர்த்துவதும் சிறு செலவில் பெரும் பாதுகாப்பு.

நோயால் மீன் அடியோடு மடிந்த தொட்டியை 100 லிட்டருக்கு 70 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஓர் இரவு வைத்து, கழுவி, வெயிலில் நன்கு காயவிட்ட பிறகே திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

கழிவு நீரை எங்கே விடுவது?

வாரந்தோறும் இறக்கும் அடிநீரில் தழைச்சத்து உண்டு. கத்தரி, வெண்டை, கீரைப் பாத்திக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். ஆனால் உப்பிட்ட நீரும் மருந்திட்ட நீரும் பாத்திக்கு ஆகாது. அவற்றைப் பயிருக்கும் கிணற்றுக்கும் தொலைவாகத் தனிக் குழியில் விட வேண்டும்.

விற்காத மீனையும் நோய்ப்பட்ட மீனையும் ஏரியில் விடுவது பெருந்தவறு. ஊசுட்டேரியும் 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியும் இவ்வட்டாரத்துச் சொத்து. தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் தமிழ்நாட்டின் பல ஏரிகளில் பெருகி, நாட்டு மீனுக்கு இடமில்லாமல் செய்து, மீனவர் வலையையும் கிழித்து வருகிறது.

உதவி பெற

தொட்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தண்ணீர் மாற்றிய தேதி, இட்ட தீனி, செத்த மீன் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவந்தால் நோயின் காரணம் தானே விளங்கும். அறிவுரை கேட்கப் போகும்போதும் அந்தக் கணக்கு உதவும். சாவு தொடர்ந்தால், சோர்ந்த நிலையில் உயிரோடுள்ள இரண்டு மூன்று மீன்களையும் ஒரு புட்டி தொட்டி நீரையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகலாம். செத்து அழுகிய மீனைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்க இயலாது. உபதொழில் பற்றிய ஆலோசனைக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் கேட்கலாம். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரிகள் உள்ளன.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கும் இடம் தரப்பட்டது. மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதம் என வகுக்கப்பட்டது. தொட்டி கட்டும் முன், தற்போது மானியம் கிடைக்குமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. முதலில் ஒரே ஒரு தொட்டியில் ஓராண்டு தண்ணீரைப் பழகி, சாவில்லாமல் மீனை வளர்த்தெடுத்த பிறகு இரண்டாவது தொட்டிக்குச் செலவு செய்வதே சிறு விவசாயிக்கு ஏற்ற வழி.